மருமகளுக்கு அனுப்பிய பாட்டு

மார்கழி 9, இரவு.

1. நான் அனுப்பியது ஒப்பாரி.
2. அது மருமகளுக்குத் தெரியாது.
3. தெரியாமல் பாடினால் தோஷமில்லை.

மருமகள் பிரேசில்காரி. மகனோடு அங்கேயே இருக்கிறாள். போன வாரம் தன் ஊர்ப் பாட்டொன்றை அனுப்பி, மகன் சொல்லிக்கொடுத்த அரைகுறைத் தமிழில் "உங்களுக்குப் புடிச்சதை அனுப்புங்க மாமா" என்றாள். அப்பா இறந்தபோது அம்மா பாடியதுதான் எனக்குப் பிடித்தது. போனில் பாடி அனுப்பிவிட்டேன்.

"ஏனுங்க, ஏழு மாசப் புள்ளத்தாச்சிக்கு எழவுப் பாட்டுங்களா? உங்க படிப்புல தீய வெக்கோணும்" என்றாள் இன்று காலையில் இதைக் கேள்விப்பட்ட என் மனைவி. பிறகு அவள் சாப்பிடவே இல்லை.

மாலையில் மருமகள் கூப்பிட்டாள். "தினமும் பாடறேன் மாமா. பாடினா பாப்பா அசையாம கேக்குது."

பாடாதே என்று சொல்லவில்லை. "சரி கண்ணு" என்று வைத்துவிட்டேன். இப்போது அங்கே பகல். பாடிக்கொண்டிருப்பாள்.

மூன்றாவதாக எழுதியது தவறு. அவள் தெரியாமல் பாடுகிறாள். நான் தெரிந்தே பாட விட்டிருக்கிறேன்.