அபிஷேகத் தீர்த்தம் குடித்த பெரணி

கரமனை வீட்டுக் கிழக்கு ஜன்னலை ஆண்ட என் பிரியமான மன்னிக்கு,

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெரணிச் செடி போன மாதம் கிட்டத்தட்டப் போயேவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், இப்போது பிழைத்துக்கொண்டது.

நீங்கள் கண்ணை மூடியபின் அண்ணா அதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் வினையாயிற்று. பூஜை முடிந்ததும் அபிஷேகம் செய்த பாலும் சந்தனமும் கலந்த தீர்த்தத்தைக் கால் படாத இடத்தில் விட வேண்டும் இல்லையா? நீங்கள் தென்னை மரத்தடியில் விடுவீர்கள். உங்கள் ஆத்துக்காரர் தினமும் அதை அப்படியே பெரணித் தொட்டியில் கொட்டியிருக்கிறார்.

நான் வலியசாலையில் என் வீட்டிலிருந்து வந்து பார்த்தபோது இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்கியது. மண்ணில் புளித்த மோர் வாடை. என்ன அண்ணா இது என்று சத்தம் போட்டேன். அவர் மெதுவாக, "அவ வளத்ததாச்சே. தீர்த்தத்தை வேற எங்க கொண்டு விடறது, சொல்லு" என்றார். இந்த மனுஷரை எப்படித் திட்டுவது, மன்னி?

இலைக்கு அடியிலிருக்கும் பழுப்புப் பொடியைத் தூவினால் புதுச்செடி வந்துவிடும் என்று அவரே சமாதானமும் சொன்னார். இது ஹைப்ரிட், இதன் பொடி முளைக்காது, வேரைப் பிரித்து நட்டால்தான் உண்டு என்று என்னிடம் சொன்னீர்களே, அவரிடம் சொல்லவில்லையா? இது போனால் போனதுதான் என்றதும் அண்ணாவின் முகம் விழுந்துவிட்டது.

இருவருமாகத் தொட்டியைக் கவிழ்த்தோம். அழுகிய வேரை நான்தான் கத்தியால் அறுத்தேன். அண்ணா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பச்சை மிச்சமிருந்த இரண்டு துண்டுகள்தான் தேறின. தேங்காய் நார்த்தூள் கலந்த புது மண்ணில் நட்டு, ஒன்றை உங்கள் ஜன்னலில் வைத்தேன். மற்றதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நேற்று கரமனைக்குப் போனேன். சுருண்ட தளிர் ஒன்று தலைகாட்டியிருக்கிறது. தீர்த்தம் பழையபடி தென்னைக்குப் போகிறது. அண்ணா உங்களைப் போலவே மண்ணில் விரலை வைத்து ஈரம் பார்த்தார். பார்த்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"இன்னிக்கு அவளுக்கு ஒண்ணும் வேண்டாமாம், கேட்டியா" என்றார்.

என் வீட்டுத் துண்டும் வேர் பிடித்துவிட்டது. அங்கே இருப்பது என்றைக்காவது வாடினால், இதில் பாதியைப் பிரித்து அதே ஜன்னலில் வைப்பேன். அண்ணா காலையில் விரல் வைத்துப் பார்க்க உங்கள் தொட்டி அங்கே எப்போதும் இருக்கும், மன்னி. அது என் பொறுப்பு.

உங்கள் நாத்தனார்,
கோமு