புரோகிராமில் இல்லாத ஊர்

என்னைத் தூக்கி வளர்த்த பாக்கியம் அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று கருமாதி முடிந்த அன்றே நினைத்தேன். பிறகு சீசன் வந்தது, வேன் ஓடியது, நான் எழுதவில்லை. இப்போது மூன்று கிழமையாக வீட்டில் சும்மா இருக்கிறேன். வேனைக் கம்பனிக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏன் என்று உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. பேப்பரில் போடலாம் என்று மகள் சொல்கிறாள். படிக்கிறவர்கள் படிக்கட்டும். எழுதுவது உனக்குத்தான்.

களைப்பாக இருக்கிறது அக்கா. இருபது வருடம் ஸ்டியரிங்கைப் பிடித்த இடுப்பு, இப்போது பாயில் படுத்தாலும் வளைவு வளைவாக வலிக்கிறது. கடுகண்ணாவை இறக்கத்தில் இருப்பது போலவே கால் பிரேக்கைத் தேடுகிறது.

எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருப்பேன்! சிலர் தலதா மாளிகை வாசலில் இறங்கியதும் போனைத் தூக்குவார்கள், திரும்ப வேனில் ஏறும்வரை இறக்க மாட்டார்கள். சிலர் தம்புள்ளையிலிருந்து கண்டி வரை தூங்கிவிட்டு, அழகான நாடு என்று கை குலுக்குவார்கள். ஒரு ஜெர்மன் அம்மா மட்டும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே நிறுத்தச் சொல்லி, மகாவலியை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் என்றார். எனக்குக் கண்டி என்றால் பார்க்கிங் கிடைக்குமா கிடைக்காதா என்பது மட்டும்தான்.

நீயும் வெளிநாடு பார்த்தவள். குவைத்தில் பதினோரு வருடம். நீ வந்து இறங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லாம் தோட்டத்து லய வீட்டு வாசலில் சுற்றி உட்கார்ந்து, "என்னென்ன பாத்த பாக்கியம்?" என்று கேட்டார்கள். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "குசினி ஜன்னல்ல எதிர் வீட்டு ஏசிப் பொட்டி தெரியும். அதுல வருஷா வருஷம் ஒரு புறா கூடு கட்டும்" என்றாய். கடல் இல்லையா என்று ஒருவர் கேட்டார். "இருக்குன்னு சொன்னாங்க. காத்து அடிச்சா உப்பு வாசம் வரும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே, "இப்ப அந்தப் புறா குஞ்சு பொரிச்சிருக்கும்" என்று நீயாகச் சொன்னாய். உன்னை அடைத்து வைத்திருந்த இடத்தின் மேல் உனக்குப் பாசம் இருந்ததா அக்கா? நான் கேட்கவே இல்லை.

"ஒரு நாளைக்கு என்னையும் வெள்ளக்காரங்கள மாதிரி வேன்ல வச்சி கண்டியச் சுத்திக் காட்டுடா" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். சீசன் முடியட்டும் அக்கா என்று இரண்டு வருடம் சொன்னேன். கடைசியில் உன்னை வேனில் ஏற்றியது ஆஸ்பத்திரிக்கு. பேராதனைப் பூந்தோட்ட வாசல் வந்ததும் நீ எழும்பி உட்கார்ந்தாய். "நீ ஆளுங்கள எறக்கி விடுற எடம் இதானே? ஒரு நிமிஷம் நிப்பாட்டேன், வாசல்ல நின்னு பாத்துக்கிறேன்" என்றாய். "ஆஸ்பத்திரியில நம்பர் எடுக்கணும்க்கா, வர்றப்ப பாப்போம்" என்றேன். உன்னை வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தது வேறு வேன். அதுவும் அந்த வாசலைத் தாண்டித்தான் வந்தது.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு அரபுக் குடும்பம் வந்தது. நீ இருந்த நாடு இல்லை, பக்கத்து நாடு. சேர், அவர் மனைவி மேடம், ஒன்றரை வயதில் ஒரு ஆண் குழந்தை. கூடவே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண், பெயர் சுமதி. ஏர்போட்டில் பெட்டிகளோடு பெட்டியாக அவளும் பின் சீட்டுக்குப் போனாள். குழந்தை தூங்கிய பிறகுதான் அவள் குரலே கேட்டது.

"அண்ணே, நீங்க தமிழா?"

"ஆமா தங்கச்சி. கலஹா."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "நான் கலஹாவுக்கு அங்கிட்டுண்ணே. தெல்தோட்ட ரோட்டுல, கடைச் சந்திக்கு மேல தோட்டம்."

"எத்தன வருஷமாச்சு?"

"நாலு. மகளுக்கு அப்ப ரெண்டு வயசு."

"அப்ப வீட்டுக்குப் போயிட்டு வருவீங்கதானே?"

"மேடத்துகிட்ட கேட்டேன். புரோகிராம்ல இல்லையாம். என்னையக் கூட்டிட்டு வந்தது புள்ளயப் பாத்துக்கத்தானே. பாஸ்போட்டும் சேர் பையிலதான் இருக்கு."

அதைச் சலிப்பாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். நாலு வருடம் கழித்துச் சொந்த நாட்டுக்கு வந்திருக்கிறாள், சுற்றுலாக்காரர்களின் சாமானாக. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். எத்தனையோ கதை கேட்ட காது இது. ஒவ்வொன்றுக்கும் வண்டியைத் திருப்ப முடியுமா?

மூன்றாம் நாள் கண்டி. மலை மேல் இருக்கும் ஹோட்டல். காலையில் சுமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கார் நிறுத்தும் இடத்தில் நின்று, ஹந்தானை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையிடம் தமிழில் பேசினாள். "அந்தா தெரியுதுல்ல மல, அதுக்கு அந்தப் பக்கம்தான் நம்ம வீடு." குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது.

எனக்கு உன் ஞாபகம் வந்தது என்று எழுத ஆசை. உண்மையில் எதுவும் ஞாபகம் வரவில்லை. இடுப்புதான் வலித்தது. ஆனால் சேர் வந்து இன்றைக்கு எங்கே என்று கேட்டபோது என் வாய் வேறு மாதிரி பேசியது. "இந்த நாட்டில் தேயிலையை முதன்முதலாக நட்ட தோட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது, கூட்டமே இருக்காது" என்றேன். சேருக்கு எதிலும் பெரியது, உயரமானது, முதலாவது என்றால் பிடிக்கும். "முதலாவதா?" என்றார். "முதலாவது" என்றேன். பொய் இல்லை, கலஹாவையும் சுமதி சொன்ன கடைச் சந்தியையும் தாண்டித்தான் அந்த வழி.

எந்த வழி என்று தெரிந்ததும் சுமதி பின்னாலிருந்து மெதுவாகப் போன் பேசினாள். மகளைக் கடைச் சந்திக்குக் கூட்டி வரும்படி தங்கச்சியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

கடைச் சந்தியில் வேனை நிறுத்தினேன். "இஞ்சின் சூடாகிவிட்டது, பத்து நிமிடம்" என்றேன். இது பொய்தான். பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

கடை வாசலில் சுமதியின் தங்கச்சி நின்றாள். அவளுடைய சேலைக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை, தர்ஷினி. அம்மா அனுப்பிய ரோஸ் கவுன் போட்டிருந்தது. அனுப்பியவள் மனசில் பிள்ளை இன்னும் சின்னதாகவே இருந்திருக்கிறது, தோள்பட்டையில் தையல் பிரிந்துகொண்டு நின்றது.

சுமதி குழந்தையை மேடத்திடம் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினாள். இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். "தர்ஷினி" என்றாள். பிள்ளை சித்தியின் சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்தது. "அம்மாடி, அம்மாகிட்ட போ" என்று தங்கச்சி தள்ளினாள். பிள்ளை அழவும் இல்லை, அசையவும் இல்லை. போனில் பார்க்கிற முகம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அது நினைக்கவில்லையோ என்னவோ.

சேர் இறங்கி என்னைப் பார்த்தார், பானட்டைப் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வேனுக்குள் குழந்தை வீரிட்டது. மேடம் எவ்வளவோ ஆட்டியும் நிற்கவில்லை. ஜன்னல் வழியே சுமதியை நோக்கி இரண்டு கையையும் நீட்டி, "மாமா! மாமா!" என்று கத்தியது.

உனக்குத் தெரியும் அக்கா, அவர்கள் பாஷையில் அது அம்மாவைக் கூப்பிடுகிற சொல் என்று. நீதானே எனக்குச் சொல்லித் தந்தாய். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுமதி தலையைக் குனிந்தாள்.

ஆனால் தர்ஷினிக்குத் தெரிந்த மாமா வேறு. சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "சித்தி, சித்தி! இந்தப் பாப்பா அம்மாவப் போயி மாமாங்குது!" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. "ஏம்மா, ஒங்களுக்கு மீசையா இருக்கு?"

சுமதி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை அவள் மடியில் போய் விழுந்தது. நான் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

பத்து நிமிடம் அரை மணி ஆனது. கிளம்பும்போது மேடம்தான் வேன் கதவைத் திறந்து, அந்தப் பிள்ளையை உள்ளே வரும்படி கையைக் காட்டினார். மேலே போய்த் திரும்பும்வரை கூடவே வரட்டுமாம். சேர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

அக்கா, இருபது வருடத்தில் அப்படி ஒரு வழிகாட்டியை நான் பார்த்ததில்லை. அம்மா மடியில் ஒரு பக்கம் தர்ஷினி, மறு பக்கம் அந்தக் குழந்தை. பிள்ளை ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. "அது எங்க இஸ்கூல். இது நான் வழுக்கி விழுந்த படி. அந்த மரத்துலதான் கொளவிக் கூடு. இந்த எடத்துலதான் எங்க கறுப்பன லொறி அடிச்சிருச்சி." சேர் திரும்பி, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். உன்னிடம் படித்த அரபியை வைத்துச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு மதரஸா என்றேன். நாய்க்கு கல்ப் என்றேன். நாய் செத்துப்போனது என்றதும் சேர், "மிஸ்கீன்" என்றார். பாவம் என்பதற்கு நீ சொல்கிற அதே சொல். அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் அவரே, "இது என்ன, அது என்ன?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நான் இத்தனை நாள் ஒப்பித்த ராஜா கதைகளுக்கு அவர் தலையைக்கூடத் திருப்பியதில்லை.

முதலாவது தோட்டத்தில் ஒரே மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை. பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் தர்ஷினியையும் நிறுத்தி சேர் ஒரு படம் எடுத்துக்கொண்டார், திரும்பினோம்.

திரும்பவும் கடைச் சந்தி. நான் மெதுவாக, "எறங்கிக்க தங்கச்சி. சேர்கிட்ட நான் பேசிப் பாக்குறேன்" என்றேன்.

"வேணாம்ணே" என்றாள் சுமதி. "பாஸ்போட் இல்லாம எறங்குனா ஓடிப்போனவளுன்னு எழுதிருவாங்க. இன்னும் பதினாலு மாசம்தான். வீட்டுக்குக் கூர போட்டு முடிச்சிட்டா வந்துருவேன்." அவளாகவே பிள்ளையை இறக்கிவிட்டாள். அவளாகவே கதவைச் சாத்தினாள். கண்ணாடியில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிள்ளை என் பக்க ஜன்னலுக்கு வந்தது. "மாமா, ஏர்போட்டு எங்க இருக்கு? இங்கருந்து பஸ் போகுமா?"

"நேரா போகாது பாப்பா. கண்டியில மாறணும்."

"எவ்வளவு தூரம்?"

"தூரந்தான்."

ஒரு கிழமை கழித்துக் கம்பனியில் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர் முறைப்பாடு எழுதியிருக்கிறாராம். டிரைவர் சொந்த வேலைக்காக வழியை மாற்றினார், வண்டி பழுது என்று பொய் சொன்னார் என்று. எழுதியது சேரா மேடமா, தெரியாது. எழுதியதில் தப்பும் இல்லை. அந்தப் பிள்ளையோடு எடுத்த படத்தை சேர் இன்னும் போனில் வைத்திருப்பாரா, அழித்திருப்பாரா? கூப்பிடும்வரை வீட்டில் இருங்கள் என்று மேனேஜர் சொன்னார். சாவியை மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

போன ஞாயிறு சுமதி போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். முந்தி போனைக் காட்டினாலே ஓடிப்போகும் பிள்ளை, இப்போது தானாகவே கூப்பிடுகிறதாம். முதல் கேள்வியே, பாப்பா இன்னும் மாமாங்குதா என்பதுதானாம்.

இதை உனக்காகச் செய்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். உனக்கு ஒரு நிமிடம் நிறுத்தாதவன் நான். சுமதிக்கு ஒரு அரை நாள் கொடுத்ததால் அது சரியாகிவிடுமா? ஆகாது. அது எனக்குத் தெரியும். இந்தக் களைப்பும் அதனால்தான் போல, வேலை போனதால் மட்டும் இல்லை.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா. பதினாலு மாதம் போனதும், வேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தர்ஷினியை நான் ஏர்போட்டுக்குக் கூட்டிப்போவேன். கண்டியில் பஸ் மாறும்போது கையைப் பிடித்துக்கொள்வேன். ஆட்கள் வெளியே வருகிற வாசலில் கம்பிக்கு முன்னால் அவளை நிறுத்துவேன். வீட்டுக்கு வழி அவளே சொல்லட்டும். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் இடுப்பிலேயே வளர்ந்த கடைசித் தம்பி,
ராஜு