தலைக்கு மேல் குறி

மார்கழி 2, சனி

சுடலைமுத்துவுக்கு ஜாமீன் இல்லை. கோர்ட் குமாஸ்தா சொன்னது. உத்தரவை வாங்கி நானும் படித்துப் பார்த்தேன். வாய்தா 25, திங்கள். அதுவரை சப்ஜெயில்.

நல்ல பனி. தொண்டைக் கட்டு.

வழக்கு, என் ஞாபகத்துக்கு: குருவிகுளத்துக்கு மேற்கே உடைமரம் மண்டிய உடைங்காட்டில் கார்த்திகைக் கடைசியில் ஒரு புள்ளிமான் சுடப்பட்டது. தோல் சுடலைமுத்துவின் ஆட்டுக்கிடை வேலியில் கிடந்தது. பாரஸ்ட் கார்டு வந்தார், பார்த்தார், பிடித்தார். சுடலைமுத்துவிடம் துப்பாக்கி கிடையாது. ஒரு கம்பு, ஒரு தொரட்டி. ஆனால் காட்டில் வெடிச்சத்தம் கேட்கிறது என்று அதற்கு முன்னால் கார்டிடம் போய்ச் சொன்ன ஒரே ஆள் இவர்தான். சொன்னவர் வேலிக்கே தோல் வந்து சேர்ந்தது.

துப்பாக்கி யாருடையது என்று ஊருக்கே தெரியும். காண்டிராக்டர் ராமசுப்பு (இனி ரா.). ரோடு, பாலம், கண்மாய் மராமத்து. பயிர்க் காவலுக்கு என்று லைசென்ஸ். பயிர் எங்கே என்று கேட்டவர் கிடையாது.

ஊருக்குத் தெரியும் என்பது செய்தி ஆகாது.

மார்கழி 4, திங்கள்

சைக்கிள் பஞ்சர். டைப்ரைட்டர் ரிப்பன் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

காலையில் சுடலைமுத்துவின் மனைவி மாரியம்மாள் வாசலில் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஊருக்கே தெரியுது. ஒங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?”

“தெரியும். பார்த்த ஆளு வேணும்மா.”

“நீங்க போனாத்தான பாக்க முடியும்? இங்கன ஒக்காந்து காப்பி குடிச்சா மானா வந்து சொல்லும்?”

என் மனைவி பகவதி உள்ளேயிருந்து சிரித்தாள். எனக்குக் கோபம். மாரியம்மாள் போன பிறகும் கோபம். சொன்னதில் தப்பு இல்லை என்பதால் கூடுதல் கோபம்.

மார்கழி 5, செவ்வாய்

மதுரை பேப்பர் ஆபீசுக்கு டிரங்க் கால். மத்தியானம் வரை காத்திருப்பு. செய்தி ஆசிரியர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்: “கேட்டதெல்லாம் அனுப்பாதீங்க சார். அந்த ஆள் வக்கீல் நோட்டீஸ் விட்டால் நீங்களா வருவீங்க? கண்ணால் பார்த்தால் எழுதுங்க.”

இருபத்தேழு வருஷமாக நான் மற்றவர்களுக்குச் சொன்ன பாடம். திரும்பக் கேட்கும்போது கசக்கிறது.

பார்ப்பதற்கு ஒரே வழி, கூட்டத்தில் சேருவது.

மார்கழி 7, வியாழன்

ரா.வின் வீடு. புது மொசைக். சுவரில் கொம்புகள், அவற்றில் துண்டு காய்கிறது. வேட்டை பழக வேண்டும் என்று சொன்னேன். டாக்டர் நடக்கச் சொல்கிறார், பொழுதும் போகவில்லை என்று காரணம். நம்பும்படியான பொய் இல்லை. அவர் நம்பவும் இல்லை. ஆனால் முகத்தில் ஒரு மலர்ச்சி.

“சைவப் பிள்ளைமாரு வீட்டு ஆளு. அம்பத்தோரு வயசு. மூக்குக்கண்ணாடி. ஒமக்கு எதுக்குவே மான் வேட்ட?”

“ஆசைதான்.”

“ஆசைய நான் தடுப்பனா? வாரும். ஒரு கட்டுப்பாடு உண்டு. புது ஆளுதான் மொத வெடி போடணும். அன்னைக்கு விழுந்த மானோட தலை அவன் வீட்டுக்குப் போகும். ரைஸ்மில்லும் அப்படித்தான் வந்தாரு. ஓவர்சியரும் அப்படித்தான்.”

ரைஸ்மில்காரரும் ரிட்டையர்டு ஓவர்சியரும் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு தலையாட்டினார்கள்.

இதுதான் பூட்டு. வருகிறவன் கையில் முதலில் துப்பாக்கி. பிறகு அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

எனக்குத் தெரிந்தே சரி என்றேன். தவற விட்டால் போகிறது. அதன் பிறகு அவர்கள் சுடுவார்கள், நான் பார்ப்பேன்.

மார்கழி 9, சனி

பனவடலிசத்திரம் ரோட்டில் ரா.வின் கல்குவாரி. பின்னால் பொத்தை, சின்னக் கல்குன்று. பாறை மேல் ஒரு மண்பானை. ஒற்றைக்குழல் துப்பாக்கி நினைத்ததைவிடக் கனம். அடிக்கட்டையைத் தோளில் அழுத்தி வைக்கச் சொன்னார் ரா.; அழுத்தவில்லை. தோள் கழன்றது போல வலி. பானைக்கு முன்னால் தரையில் புழுதி கிளம்பியது.

ரைஸ்மில்: “மண்புழுவச் சுட்டுட்டாரு!”

ஓவர்சியர்: “கரெக்‌ஷன் பேனாவால சுடுதாருவே.”

ரா. மட்டும் சிரிக்கவில்லை. சொல்லிக் கொடுப்பதில் அவருக்குச் சந்தோஷம். அது எனக்கு எரிச்சல்.

“சத்தத்துக்குப் பயந்து விசைய இழுக்கும்போது குழலக் கீழ அமுக்குதேரு. புதுசுல எல்லாவனும் அப்படித்தான். பானைக்கு மேல ஒரு சாண் தூக்கிக் குறி வையும். தானா எறங்கிரும்.”

ஒரு சாண் தூக்கினேன். பானை சிதறியது.

ஓடு விழும் சத்தம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்று இப்போது ஞாபகம் வருகிறது.

மார்கழி 12, செவ்வாய்

நகராட்சிக் கூட்டம். சாக்கடை, தெருவிளக்கு, வெளிநடப்பு. செய்திக் கவர் நாலரை மணி மதுரை பஸ்ஸில் போனது.

டீக்கடையில் செய்தி பரவிவிட்டது.

“அண்ணாச்சி, ரசத்துல பூண்டு போட்டாலே மொகத்தச் சுளிப்பிய. இப்பம் மான் சுக்காவாமே?”

“பேப்பருக்குக் கட்டுப்படியாகலபோல. கறிக்கடை வைக்கப் போறாரு.”

ஒருவரும் சுடலைமுத்து பேச்சை எடுக்கவில்லை. இதே ஆட்கள்தான் போன மாதம் என்னிடம் ரகசியமாக ரா. பெயரைச் சொன்னவர்கள்.

சாயங்காலம் மறுபடி குவாரி. கொஞ்சம் பானை, நிறைய உடைசல். தோளில் கன்றிப்போய் ஊதா. பகவதி தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். “அந்தப் பொம்பளைக்காகப் போறியளா, ஒங்களுக்காகப் போறியளா?” என்றாள். இரைந்து பேசிவிட்டேன்.

மார்கழி 15, வெள்ளி

நாளை. ஜீப் விடியுமுன் வருகிறது.

தீர்மானம்: மானைத் தவற விடுவது. தலைக்கு மேலே, வெட்டவெளியில் குறி. மந்தை சிதறும், ரா. கைமாற்றி வாங்கிச் சுடுவார். நேரம், இடம், யார் கையில் துப்பாக்கி, எத்தனை வெடி, எல்லாம் பார்த்துக் கொள்வது.

மங்கி குல்லா, டார்ச், மாத்திரை.

மார்கழி 16, சனி

நடந்ததை வரிசையாக.

கோமதி அம்மன் சந்நிதியில் திருவெம்பாவை ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தபோது ஜீப் வந்தது. ரா., ரைஸ்மில், ஓவர்சியர், நான். திருவேங்கடம் ரோடு, பிறகு வண்டித்தடம். கரிசல் ஈரம் பூட்சில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் கல்லாகக் கனத்தது. உடைங்காட்டு ஓரத்தில் என்னை ஒரு புதருக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். ரா. என் முதுகுக்குப் பின். மற்ற இருவரும் எதிர்ப்பக்கம் போய்த் தகரம் தட்டிக் காட்டைக் கலைத்தார்கள்.

விடிந்துவிட்டது. பாசிப்பயறு வயல், அதற்கு அப்பால் பனை. மான்கள் ஓடி வரவில்லை, நடந்து வந்தன. முன்னால் ஒரு கிடா. நின்று எங்கள் பக்கம் பார்த்தது.

“போடும்,” என்றார் ரா., காதுக்குள்.

தலைக்கு மேலே, ஒரு சாண் இருக்கும், வானத்தைப் பார்த்துக் குறி வைத்தேன். விசையை இழுத்தேன்.

கிடா முன்னங்காலை மடக்கி விழுந்தது. மற்றவை வரப்பைத் தாண்டி ஓடின. கிட்டே போனபோது ஒரு காது மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் இல்லை.

ரா. என்னைக் கட்டிப்பிடித்தார். பீடி நாற்றம். துப்பாக்கியை அவரிடம் நீட்டினேன், சுடுகிறாரா என்று. குழலை மடக்கி ஜீப்பில் வைத்துவிட்டார்.

“இன்னைக்கு இது போதும்வே.”

“நீங்க யாரும் வெடி போடலையே?”

“எதுக்குப் போடணும்? நாங்க பயிருக்குக் காவல் வந்தோம். சுட்டது நீரு ஒருத்தர்தான்.” பிறகு தோளைத் தட்டினார், கன்றிய தோளை. “பேப்பர்ல போடும். பேரு சரியாப் போடும்.”

மற்ற இருவரும் சிரித்த சிரிப்பு. நான் பார்க்க வந்ததைப் பார்த்தாகிவிட்டது. பார்த்தது என்னை.

குளித்துவிட்டு எழுதுகிறேன். உறுதியானது: தலைக்கு மேலே குறி வைத்தேன். உறுதியானது: புது ஆள் குழலைக் கீழே அழுத்துவான், மேலே வைத்தால்தான் சரியாக விழும் என்று எனக்குச் சொல்லித் தரப்பட்டிருந்தது, பானைகளை அப்படித்தான் உடைத்தேன். தவற விட வேண்டுமானால் பக்கத்தில் வைத்திருக்கலாம். தரையில் வைத்திருக்கலாம். நேற்று அது ஏன் தோன்றவில்லை? தெரியவில்லை. விசாரிக்க வேறு ஆளும் இல்லை.

மார்கழி 17, ஞாயிறு

காலையில் சாக்கு வந்தது. ரா.வின் டிரைவர் வாசலில் வைத்துவிட்டு, “மொதலாளி மரியாத” என்று சொல்லிப் போனார். கோலத்தின் மேல் ரத்தச் சொட்டு. முட்டைகூட நுழையாத வீடு.

பகவதி சாக்கின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். திரும்பி வந்து, “இத எடுக்கது வரைக்கும் அடுப்புப் பத்த வைக்க மாட்டேன்,” என்றாள்.

புதைக்கலாம் என்று கடப்பாரையை எடுத்து வந்தபோது வாசலில் மாரியம்மாள். ரா.வின் ஆட்களே அவள் காதில் போட்டிருக்கிறார்கள். சாக்கைப் பார்த்தாள், கடப்பாரையைப் பார்த்தாள்.

“குழி தோண்டப் போறியளோ?”

“மாரியம்மா, நான் வேணும்னு செய்யல. நெனச்சது வேற…”

“நீங்க நெனச்சது எனக்கெதுக்கு? நேத்துச் சுட்டியளா, இல்லையா?”

“சுட்டேன்.”

“என் வீட்டுக்காரரு நேத்து எங்க இருந்தாரு?”

“சப்ஜெயில்ல.”

“அப்பம் அவரு உள்ள இருக்கும்போதே அந்தத் துப்பாக்கி வெடிக்கி. மான் விழுது. இதத்தான நான் அன்னைக்கிருந்து சொல்லிட்டுத் திரியுதேன், ஒருத்தரும் கேக்கல. நீங்க எழுதுங்க. யாரு ஜீப்பு, யாரு துப்பாக்கி, யாரு கைல குடுத்தா, எல்லாம் எழுதுங்க. சுட்டது நான்னு கீழ கையெழுத்துப் போடுங்க. தலையப் பொதைக்காதிய. ரேஞ்சர் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போங்க.”

“என்னைப் பிடிச்சிருவாங்கம்மா.”

“பிடிக்கட்டும். ஒங்களுக்குச் சோறு கொண்டு வர ஆளு இருக்கு.”

அழவில்லை. கும்பிடவில்லை. ஒரு சொட்டு மரியாதை மிச்சம் வைக்காமல் பேசிவிட்டுப் போனாள். அண்ணாச்சி என்ற வார்த்தையும் இன்று வரவில்லை.

கடப்பாரையை வைத்துவிட்டேன்.

மார்கழி 18, திங்கள்

எழுதினேன். நாலு முறை கிழித்தேன். “வேட்டைக் கும்பல் ஒன்று” என்று ஆரம்பித்தது முதல் பிரதி. “நமது நிருபர் உடன் சென்றபோது” இரண்டாவது. பொய் இல்லை, ஆனால் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது.

போனது இது: ‘குருவிகுளம் அருகே உடைங்காட்டில் சனிக்கிழமை காலை புள்ளிமான் ஒன்று சுட்டுக் கொல்லப்பட்டது. சுட்டவர் இந்தச் செய்தியை எழுதும் நிருபர்.’ பிறகு ஜீப் யாருடையது, துப்பாக்கி யார் பெயரில், யார் காடு கலைத்தார்கள், புது ஆள் முதல் வெடி என்ற கட்டுப்பாடு, அப்படி வந்ததாக என்னிடம் பெயர் சொல்லப்பட்டவர்கள், சுடலைமுத்து அன்று எங்கே இருந்தார். குறியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அது செய்தி ஆகாது.

கவர் பஸ்ஸில். கண்டக்டர், “என்ன சார், இன்னைக்கு ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு நிக்கிய?” என்றார்.

ரேஞ்சர் ஆபீசில் ரேஞ்சர் இல்லை, கேம்ப். வாட்ச்மேன் சாக்கை உள்ளே விடவில்லை. “நாத்தம் அடிக்கி சார். ஐயா வந்தப்புறம் நீங்களே கொண்டாங்க.” எழுதிக் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டார்.

கல் உப்பு வாங்கி வந்து தலையை உப்பில் போட்டேன். கொல்லைக் கொட்டகையில் இருக்கிறது. பகவதி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்கழி 19, செவ்வாய்

தனியாக உப்புமா. அடி பிடித்தது.

டிரங்க் கால், அவர்கள் பக்கமிருந்து. செய்தி ஆசிரியர், “நிஜமாவா சார்?” என்றார். நிஜம் என்றேன். “பார்த்தால் எழுதுங்கன்னுதான் சொன்னேன்.” மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறாராம். என் வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ரா. பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டார். இன்னும் விஷயம் தெரியாது. ஊருக்கே கேட்கிற மாதிரி: “மொத வெடியே நல்ல வெடி! இந்தச் சனிக்கிழமையும் ஜீப் வரும்வே. இனிமே மேல தூக்கி வைக்க வேண்டாம். கை பழகிருச்சு, நேராவே வையும்.”

வலது கை விரல் தானாக மடங்கியது. அருவருப்பு. அவர் மேல் பாதிதான்.

நிலுவை:
செய்தி வருமா, வராதா: நாளை காலை முதல் பஸ்ஸில் பேப்பர் கட்டு வந்ததும் தெரியும்.
ரேஞ்சர்: வியாழன் காலை கேம்ப் முடிந்து வருகிறார். தலையோடு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்.
ரா.வின் ஜீப்: சனி விடியுமுன்.
சுடலைமுத்து வாய்தா: திங்கள். மாரியம்மாள் கோர்ட் வாசலில் நிற்பாள். நான் அவள் பக்கத்தில் நிற்பேனா, உள்ளே சுடலைமுத்துவுக்குப் பக்கத்திலா என்பது வியாழன் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.