ஜெனி ஒட்டாத ஸ்டார்

டிசம்பர் 17, புதன்

காலையிலிருந்து தூறல். ஒரகடம் ரோட்டில் லாரி நெரிசல், சிறப்புக் குழந்தைகள் மையத்துக்கு லேட். வாங்க வேண்டியது: கலர் பேப்பர், ஜிகினா, கோந்து.

ஜெனிக்கு ஆறு வயது. இன்னும் ஒரு சொல் வரவில்லை. கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒட்டுகிறோம் என்று பேர், உள்ளே நடப்பது பேச்சுப் பயிற்சி. கோந்து என் கையில். அவள் கேட்டால்தான் ஒரு சொட்டு. கை நீட்டினாலும் சரி, சத்தம் கொடுத்தாலும் சரி. இன்று கை நீட்டினாள், என் முகத்தைப் பார்த்து! மதியச் சாப்பாடு மறந்தே போச்சு.

டிச. 18, வியாழன்

நாளை நன்கொடை தருகிற கம்பெனிக்காரர்கள் வருகை. எல்லா ஸ்டாரும் வாசலில் தொங்க வேண்டுமாம். ஜெ. சிவப்புக் காகிதம் முழுக்க ஒரே முனையில் அப்பி வைத்திருந்தாள். எனக்குப் பொறுமை போச்சு. "குடும்மா, மிஸ் சரி பண்ணித் தரேன்." பிடுங்கி, பிய்த்து, நானே ஒட்டினேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ணாம்."

வேணாம். தெளிவாக. அவளுடைய முதல் சொல்.

நான் நிறுத்தவில்லை. கொஞ்சம்தானே பாக்கி என்று ஒட்டி முடித்தேன். ஜெ. மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டும் வரவில்லை.

சீ, இதற்கா படித்தேன்.

டிச. 19, வெள்ளி

வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஜெ. பேர் எழுதிய ஸ்டாரைக் காட்டி "இதுதான் சூப்பர்" என்றார் ஒருவர். நானும் இளித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் ஜெ.யின் அம்மா ஸ்டெல்லாக்கா. வல்லம் வடகால் ஃபேக்டரியில் லைன் வேலை, ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு.

"எம் பொண்ணா செஞ்சா? நெசமாவா மிஸ்?" கண் கலங்கிவிட்டது. ஸ்டாரை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். பிறகு வழக்கமான கேள்வி: "எதனா பேசினாளா?"

"இன்னும் இல்லக்கா."

எப்படித்தான் வாய் வந்ததோ.

டிச. 22, திங்கள்

நல்ல வெயில். ஸ்டெல்லாக்கா லீவு போட்டு வந்திருந்தார். பையில் ஸ்டார், நார் நாராக.

"மன்னிச்சிக்கோங்க மிஸ். வூட்டு வாசல்ல மாட்டிட்டு, எம் பொண்ணு செஞ்சதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன். நேத்து இழுத்துப் போட்டு கிழிச்சிட்டா. ஆத்திரத்துல முதுகுல ரெண்டு வச்சிட்டேன்."

அது எனக்கு விழ வேண்டிய அடி.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒட்டியது, ஜெ. தடுத்தது, சொன்ன சொல், வெள்ளிக்கிழமை நான் சொன்ன பொய்.

"வாயாலயா சொன்னா?"

"ஆமாக்கா."

"அன்னிக்கே சொல்லிருந்தா கொயந்தைய அடிச்சிருக்க மாட்டேனே மிஸ்."

திட்டட்டும் என்று நின்றேன். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"எப்டி சொன்னா? அவ மாதிரியே சொல்லிக் காட்டுங்க."

"ணாம்."

கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி."