வெள்ளைக் கட்டங்கள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமா, என் பேரன் சுண்டுவுக்கு இரவில் மூச்சு சீராக இருக்கிறதா? நான் நலம் என்று எழுதினால் இந்த முறை நீ நம்பமாட்டாய், உன் தம்பி போனில் வேறு மாதிரிச் சொல்லிவைத்திருக்கிறான். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் மாடிப்படியில் விழவில்லை. உட்கார்ந்தேன். விழுவதற்கும் உட்காருவதற்கும் வித்தியாசம் தெரியாத வயது எனக்கு இன்னும் வரவில்லை. கடைக்குப் போய்விட்டு ஏறி வந்தேன், பாதிப் படியில் மூச்சு கிடைக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான். கீழ்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். அவர் மனைவி அதை உன் அத்தையிடம் சொல்ல, அத்தை உன் தம்பியிடம் சொல்ல, உன் காதுக்கு வருவதற்குள் நான் நாலு படி உருண்டு, தலையில் தையலும் போட்டுக்கொண்டுவிட்டேன். தலை சுற்றல், பார்வை மங்கல், தனியாக வெளியே அனுப்பக் கூடாது என்று அத்தை தீர்ப்பும் எழுதிவிட்டாளாம். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை அன்றைக்குக் காற்றில் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த வியாழக்கிழமை எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, நீ இங்கே இருந்த காலத்தில் இப்படி இருந்ததில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரங்களை எல்லாம் எடுத்துவிட்டு மண்ணைச் சமப்படுத்தி வைத்திருக்கிறார்கள், அங்கே என்ன வரப்போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, இப்போதைக்குத் தூசிதான் வருகிறது. காலையில் காற்று கிளம்பியதும் எதிர்க் கடையின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியவில்லை. பட்டப்பகலில் பேருந்துகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. கொடியில் காயவைத்த தலையணை உறைகளை எடுத்தபோது விரலால் அதில் பெயர் எழுதலாம் போல இருந்தது. தையல்காரர் வெள்ளைத் துணிகளை எல்லாம் செய்தித்தாளால் மூடிவிட்டுக் கடையைச் சாத்தினார். உன் தம்பி பணிமனையிலிருந்து வந்தபோது புருவம்கூடப் பழுப்பு. அவனுக்கு அப்போதும் கேலிதான், அக்கா மேலேயிருந்து பார்க்கிறாள், வீட்டை ஒழுங்காகப் பெருக்கு அம்மா என்கிறான்.

அவன் அப்படிச் சொன்னதும்தான் நீ மாதாமாதம் அனுப்பும் படம் ஞாபகம் வந்தது. செயற்கைக்கோள் அளந்த தூசியை வைத்து நீங்கள் போடும் அந்த வரைபடத்தில் நம் பக்கம் பச்சையாக இருக்கிறது, சுண்டுவுக்கு ஆகாத உங்கள் ஊர்க் குளிரும் ஈரமும் இங்கே இல்லை, காற்றும் தூசியில்லாமல் நன்றாக இருக்கிறது, ஒரு வருடம் அவன் என்னிடம் இருக்கட்டும் என்று நீ எழுதினாயே, அந்தப் படம். பச்சையைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தில் மருந்துக்கடைக்காரரிடம்கூடக் காட்டினேன், என் மகள் ஆகாயத்திலிருந்து தூசியை அளக்கிறாள் என்று. இப்போது உன் தம்பியை உட்காரவைத்து மாதப் படத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு நாள் படமாகத் திறக்கச் சொன்னேன். அந்த வியாழக்கிழமையில் நம் வீடு இருக்கும் கட்டம் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. வெள்ளை. வெள்ளை என்றால் மேகம் மறைத்துவிட்டது, அளவு கிடைக்கவில்லை, அந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று நீதான் முன்பு விளக்கினாய். மகளே, அன்றைக்கு ஆகாயத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. துணி காயப்போட்டவள் சொல்கிறேன். தையல்காரர் கடை சாத்திய இன்னும் இரண்டு நாட்களையும் பார்த்தோம், இரண்டும் வெள்ளை. தூசி அத்தனை கனமாக எழும்பும்போது உங்கள் கணினி அதை மேகம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படியானால் நல்ல நாட்களை மட்டும் கூட்டி வகுத்துப் பச்சை அடித்திருக்கிறீர்கள்.

நான் பாடம் எடுத்த கான்வென்ட் பள்ளியில் பரீட்சை அன்று படிக்காத பெண்கள் எல்லாம் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொள்வார்கள், வகுப்பின் சராசரி தானாக உயர்ந்துவிடும். கணக்குப் பாடம் எடுத்த கன்னியாஸ்திரி அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார், வந்தவர்களின் சராசரி என்று மேலே சிவப்பு மையில் எழுதாமல் பலகையில் ஒட்டவிடமாட்டார். உங்கள் படத்தின் மேல் யாராவது அப்படி எழுதுகிறார்களா? உன் வேலையில் நான் குற்றம் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தெரியாத விஷயம், தப்பாகவும் புரிந்துகொண்டிருக்கலாம், அப்படி இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் இருக்கமாட்டாள். ஆனால் அந்தப் படத்தை நம்பித்தானே அடுத்த மாதம் ஒரு குழந்தையை விமானத்தில் ஏற்றப்போகிறாய்.

உன் அத்தை இதைக் கேட்டால் பேரனைப் பார்த்துக்கொள்ள வலிக்கிறது, அதனால் தூசி மேல் பழி போடுகிறாள் என்பாள். சொல்லட்டும். உன் அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. ஜன்னல் பக்கம் சின்னக் கட்டில் போட்டிருக்கிறேன், தெரு முனைப் பள்ளியில் இடமும் சொல்லிவைத்திருக்கிறேன், என்னிடம் படித்த தலைமை ஆசிரியை இன்னும் என்னைக் கண்டாலே எழுந்து நிற்கிறாள். அந்தக் கட்டிலைத் துடைக்கும்போதெல்லாம் துணியைப் பார்க்கிறேன். நான் பெரியவள், பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளத் தெரியும். அவன் ஓடுகிற பிள்ளை. ஓடிக்கொண்டே இருப்பான், மூச்சு நின்ற பிறகுதான் நிற்பான். அவன் வந்து இப்படி ஒரு நாளில் என் கண்ணெதிரே திணறினால், படம் பச்சையாகத்தான் இருந்தது என்று உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அவன் வராமலே போய்விடுவானோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. இரண்டு பயத்தில் எது பெரியது என்று யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஈரத்தலையோடு அவனை வெளியே விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, கணினி முன்னால் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவது சாப்பாடு ஆகாது. மாப்பிள்ளைக்கு என் அன்பு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும், என் பிரார்த்தனையில் அதற்குத்தான் முதல் இடம்.

அந்த வெள்ளைக் கட்டங்களை நீயே ஒருமுறை திறந்து பார். அந்த நாட்களில் இந்த வீட்டுக் காற்று எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுது, தெரியாது என்றால் தெரியாது என்றே எழுது. போனில் சொல்லாதே, போனில் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். பயணச்சீட்டு வாங்கும் முன் எனக்குக் கைப்பட ஒரு பதில் எழுதி அனுப்பு.

உன் அம்மா