வாங்க, உக்காருங்க

என் செல்ல மகளுக்கு,

நீயும் நானும் பேசி மறதிக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்தியதும் அப்பாவுக்கு வாந்தி நின்றது. சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதுவரை நாம் நினைத்தது சரிதான்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை "ஏய் கழுதை, இங்க வாடி" என்றுதான் கூப்பிடுவார், ஒர்க்‌ஷாப் ஆட்கள் முன்னாலும்கூட. அதற்காக நான் போடாத சண்டையா? மாத்திரை நின்ற பிறகு ஒரு நாள் டீ கொண்டுபோனேன். மனிதர் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்றார். கிண்டல் செய்கிறார் என்று சிரித்துவிட்டேன்.

மாத்திரையை மறுபடியும் ஆரம்பித்தாயிற்று. "போனது திரும்பி வரும்னு சொல்ல முடியாதும்மா" என்கிறார் டாக்டர். வாந்தி மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

நேற்று சட்டைப் பித்தானைப் போட்டுவிடும்போது, "இருட்டப் போகுதே, உங்க வீட்டுக்காரர் தேட மாட்டாரா?" என்று கேட்டார்.

"தேட மாட்டார்" என்றேன்.

"பொண்டாட்டியத் தேடாதவன் என்ன மனுஷன்!" என்று எனக்காகக் கோபப்பட்டார்.

நீ வந்தால் உன்னையும் "வாங்க" என்பார். வாசலிலேயே அழுதுவிடாதே. வீட்டுக்கு வந்தவர்கள் அழுதால் பதறிப்போகிறார்.

உன் அம்மா