நீ அவிழ்க்காத முடிச்சு

கேளாமலே அறியும் அம்மையே, இன்று என் எழுத்தில் பொய் ஒரு துளியும் கலவாமல் காப்பாய்.

அன்புடையாளே,

நீ மறைந்தபின் முதன்முறையாக உன் காரின் முன்பெட்டியில் காப்புறுதித் தாளைத் தேடும்போது பழைய மிட்டாய்த் தகரப்பெட்டி ஒன்று கைக்கு அகப்பட்டது. திறந்தேன். காய்ந்த வாழையிலையும் திருநீறும் கலந்த மணம் எழுந்தது. உள்ளே விரலளவே உள்ள ஒரு பொட்டலம். இலை பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் நிலையில் இருக்கிறது. நூல் மட்டும் அப்படியே இருக்கிறது: இரண்டு சுற்று, ஒரு கண்ணி, மேலே இன்னொரு சுற்று. அது என் கை போட்ட முடிச்சு. ஏழு ஆண்டுகளாக யாரும் அதை அவிழ்க்கவில்லை.

இப்போது காலை ஏழு மணி. ஒன்பதுக்கு நம் மகள் வருவாள். இருவரும் கிள்ளான் கோயிலுக்குப் போய், மடித்த இரு பொட்டலங்களில் ஒன்றை எடுத்து அம்பாள் முன் பூக் கேட்க வேண்டும். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகள் இருந்துவிட்ட அவளுக்கு, நாற்பத்தொரு வயதில் பகுதி நேரமாக உளவியல் படிக்க ஆசை. விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னாள்:

"எனக்கு முடிவெடுக்கத் தெரியல லா அப்பா. நீங்க பூக் கேட்டுச் சொல்லிடுங்க. அம்மா கார் ஓட்டறதுக்குக் கேட்டீங்களே, வெள்ளப் பூ வந்துச்சே, அந்த மாதிரி."

"வெள்ளப் பூ வந்துச்சுன்னு யாரும்மா சொன்னது?"

"அம்மாதான். அப்பா மட்டும் பூக் கேட்டு வழி விடலன்னா எனக்கு ஸ்டியரிங்கப் பிடிக்கவே தைரியம் வந்திருக்காதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்காங்க!"

தொலைபேசியைக் கீழே வைத்தேன். வெள்ளைப் பூ வரவில்லை. வர வழியே இருந்திருக்கவில்லை. அதை அறிந்தவன் நான் ஒருவனே என்று இறுமாந்திருந்தேன்.

உனக்கு அப்போது அறுபது வயது. கார் ஓட்டப் பழக வேண்டும் என்றாய். நான் மறுத்தேன். ரயில் இருக்கிறது, வாடகைக் கார் இருக்கிறது, இந்த வயதில் எதற்கு என்றேன். நீ விடவில்லை. "பிரிக்பீல்ட்ஸ்ல வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்ன சொல்லிக் குடுக்கறீங்க? உள்ளம் இசையாத இடத்துல தெய்வமும் நுழையாதுன்னுதானே? எனக்கு உள்ளம் இசைஞ்சிருக்குங்க" என்றாய். திருப்பாடல் வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு நான் எடுத்துரைத்த விளக்கம், என் வீட்டு அடுக்களையில் என்னையே எதிர்த்து நின்றது. உடனே தெய்வத்தைத் துணைக்கு இழுத்தேன். "அம்பாளையே கேட்டுடலாம். வெள்ளை வந்தா ஓட்டு. சிவப்பு வந்தா இந்தப் பேச்சே வேணாம்."

நந்தியாவட்டை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளி மற்றதிலும் இருக்க வேண்டும். அன்று விடியலில் நம் கொல்லையில் பூப் பறித்தவனும் நான், மடித்தவனும் நான். இரண்டிலும் செவ்வரளியையே வைத்தேன்.

எழுதிவிட்டேன். ஏழு ஆண்டுகள் நாவில் ஏறாத வாக்கியம் அது.

நீ சன்னிதியில் கண்மூடி நின்று ஒன்றை எடுத்தாய். சிவப்பு. முகம் வாடாமல் கும்பிட்டாய். எடுக்காத பொட்டலத்தை நான் வாங்கக் கை நீட்டினேன். "இருக்கட்டும், நான் ஆத்துல போட்டுடறேன்" என்று கைப்பையில் வைத்துக்கொண்டாய். வீடு வந்து சேரும்வரை என் கண் அந்தப் பையை விட்டு அகலவில்லை.

மூன்று வாரம் கழித்து, சாலை விதித் தேர்வில் தேறிய தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாய். "அம்பாள் உத்தரவு தரலையே?" என்று சீறினேன். நீ நிதானமாகச் சொன்னாய்: "அம்பாள் வேணாம்னு சொல்லியிருந்தா நான் நின்னிருப்பேங்க." அதன் பொருளைக் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். சொல்லிவிடுவாய் என்பதால்தான் நான் கேட்கவில்லை.

ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை, மேட்டில் நிறுத்திக் கிளப்பும் இடத்தில் வண்டி பின்னால் உருண்டது. "மூணாவது தடவையுமா?" என்று நான் குத்தினேன். "ஒரு பதிகத்த மனப்பாடம் பண்றதுக்குள்ள நீங்க எத்தனை தடவ அடி தப்பினீங்க? நான் சிரிச்சேனா?" என்றாய்.

பழைய கார் விற்கும் கடையிலும் உன்னோடு இசைந்து போக என்னால் இயலவில்லை. கடைக்காரத் தம்பி பெரிய வெள்ளி நிறக் காரைத் தட்டித் தட்டிப் புகழ்ந்தான், நானும் தலையாட்டினேன். நீ இருக்கையில் அமர்ந்து கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "பின்னாடி என்ன வருதுன்னு தெரியலயே."

"சென்சர் இருக்கு லா ஆன்டி. பக்கத்துல வந்தா பீப் பீப்னு கத்தும்."

"கத்துனப்புறம் தெரிஞ்சு என்ன பண்றது தம்பி?"

"அங்கிளுக்குப் பிடிச்சிருக்கே, ஆன்டி!"

"அப்ப அங்கிளையே ஓட்டச் சொல்லுங்க" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாய். மறுவாரம் தனியே போய் இந்தச் சின்ன நீலக் காரைத் தேர்ந்து வந்தாய். "மனசு ஒப்பாத பொருள வீட்டுக்குள்ள விட்டா, அது நமக்கு உழைக்காது, நாமதான் அதுக்கு உழைக்கணும்" என்றாய். அந்தச் சொல்லை என் வகுப்பில் நான் பலமுறை எடுத்தாண்டேன், உன் பெயரைச் சொல்லாமலே.

ஆறு ஆண்டுகள் வெள்ளிதோறும் என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு ஏற்றிச் சென்றாய். நெடுஞ்சாலையில் அடைமழை, இருபுறமும் லோரி. நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு அலறுவேன். "நீங்க பாட்டச் சொல்லுங்க, நான் ரோட்டப் பாக்கறேன்" என்பாய். பொட்டலம் என் முழங்காலுக்கு ஒரு சாண் தொலைவில் இருந்திருக்கிறது. நான் என்றாவது வாய் திறப்பேன் என்று நீ காத்திருந்தாயா?

வாசலில் வாடகைக் காரின் ஹார்ன் ஒலிக்கிறது. வந்துவிட்டாள்.

*

மாலையாகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

உன் காரை அவளே ஓட்டினாள். தகரப்பெட்டி என் மடியில் இருந்தது. வெளிமண்டபத்தில் அவள் இலையையும் நூலையும் இரண்டு பூக்களையும் எடுத்து என்முன் வைத்தாள். "மடிங்கப்பா."

மடித்துக் கொடுத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நீ சொன்ன பொய் என்னைக் காத்திருக்கும். என் பெருமையும் நிலைத்திருக்கும். விரல்கள் இலையைத் தொட்டும்விட்டன. ஆனால் உன் மகள் தன் வாழ்வை அந்த இலைக்குள் வைத்துக் கட்டச் சொல்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

"உங்கம்மா எடுக்காத பொட்டலம் இது. அவிழ்த்துப் பாரும்மா."

நூல் அறுந்தது, இலை தூளாயிற்று. கருஞ்சிவப்பில் சருகான இதழ்கள்.

"சிவப்பு. சரி, அதனால? அம்மா எடுத்தது வெள்ள."

"அதுவும் சிவப்புத்தான்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அம்பாள் பேரச் சொல்லி அம்மாவ ஏமாத்துனீங்களா?"

"ஆமாம்மா."

"ஊருக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக் குடுக்கறீங்களேப்பா!" குரல் மண்டபம் முழுதும் கேட்டது. விளக்கேற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தார். நான் தலை தாழ்த்தினேன்.

மீண்டும் அமர்ந்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"முடிச்சை அவிழ்க்கவே இல்லையே. எப்படித் தெரிஞ்சதுன்னுதான் எனக்கும் புரியல."

அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "அம்மா காலையில கொல்லைப் பூவ எண்ணித்தானே பறிப்பாங்க! நந்தியாவட்டையில ஒரு பூகூடக் குறையலன்னா அவங்களுக்குத் தெரியாதாப்பா?"

தெரிந்தேதான் என்னோடு கோயிலுக்கு வந்திருக்கிறாய். தெரிந்தேதான் கண்மூடி நின்றிருக்கிறாய். அம்பாள் மெய்யாகவே மறுத்திருந்தால், அந்த விடைக்கும் நீ இசைந்திருப்பாய். நானோ, 'ஆகட்டும்' என்ற விடைக்குப் பொட்டலத்தில் இடமே வைக்கவில்லை. பாடல்களை எல்லாம் மனப்பாடம் செய்தவன் நான், கற்றவள் நீ.

"அப்ப எனக்கு யாரு சொல்றது?" என்றாள் மகள்.

"உனக்கு விருப்பமா?"

"விருப்பந்தான். பயமாவும் இருக்கு."

"உங்கம்மாவுக்கும் ரெண்டும் இருந்துச்சு. நம்ம வீட்டுல விருப்பம் இல்லாதவன் நான் ஒருத்தன்தான்."

அவள் செவ்வரளியையும் நந்தியாவட்டையையும் மடிக்காமலே கொண்டுபோய் அம்பாள் திருவடியில் வைத்தாள். எதையும் கேட்கவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியபின் சொன்னாள்: "ஃபார்ம நாளைக்கு அனுப்பிடறேன். ஆனா உங்கமேல கோவம் இன்னும் போகல."

"உடனே போக வேணாம்மா. மெதுவாப் போகட்டும்."

இதழ்களைக் கொல்லையில் நந்தியாவட்டையின் வேரில் இட்டேன். அறுந்த நூல் மட்டும் என் சட்டைப்பையில் இருக்கிறது. வரும் வெள்ளி வகுப்பில் அதை மேசைமேல் வைத்து, பாடத்துக்கு முன் இந்தக் கதையைச் சொல்வேன். பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் மறுவாரம் வருவார்களோ தெரியாது. இம்முறை எந்த விடை வந்தாலும் ஏற்க என் உள்ளம் இசைந்திருக்கிறது. அங்கே ரயிலில்தான் போக வேண்டும். கார் இனி மகளுடையது. மாலை வகுப்புக்குப் போக அவளுக்கு வேண்டும்.

இதனைப் படிப்போர் இல்லங்களில் கேட்பவர் அஞ்சாமல் கேட்கவும், விடை சொல்வோர் பொய் கலவாமல் சொல்லவும், பறித்த பூ எதுவோ அதுவே மடித்த இலைக்குள்ளும் இருக்கவும் அம்மை அருள்க. உங்கள் மனை மங்கலமாகுக.